அலமாரிக்குள் இரண்டாவது குரல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் மிங்-தேயின் சித்தி மகள் பெய்-லினுக்கு நடந்தது.

பிற்பகல் மூன்றே கால். பேய்கள் வெளியே வரும் ஏழாம் மாதம். துறைமுக ஊரான கீலுங்கில், மலைச்சரிவிலுள்ள வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள்... மழை. ஈ காக்கை இல்லை. மைக்கைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு பெய்-லின் ஏறினாள். பின்னால் கிதாரோடு அவளுக்கு வாசிக்கும் நண்பன் போ-ஹான்.

ஆறு மணிக்குள் பாட்டை அனுப்பினால்தான் துறைமுக விழாவில் மேடை. ஸ்டுடியோவில் ஏற்கெனவே பதிந்தாயிற்று. ஆனால் அவள் முன்பல் இடுக்கில் வரும் சின்னச் சீழ்க்கையை ஸ்டுடியோக்காரர் கோ வழித்து எடுத்துவிட்டார். கேட்டால் வேறு யாரோ பாடுவது போலிருந்தது; அதனால் வீட்டிலேயே மறுபடி பதியப் போகிறாள்.

"வீட்டு அலமாரிக்குள்ள பாடினா பூனை கத்தின மாதிரிதான் இருக்கும்" என்று கோ சிரித்திருந்தார். "என் ரூம்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு அக்கா இருக்கா, தெரியும்ல? அவ கூடப் பாடின பாட்டு எதுவும் தோத்ததில்ல."

"பூனைன்னாலும் என் பூனை, அண்ணே."

அக்கம்பக்கத்தார் வேலைக்குப் போயிருந்தார்கள். எதிரொலி வராமலிருக்க, ஆள் நிற்கும் துணி அலமாரியில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, நடுவில் நின்று பாடினாள். இயந்திரம் சொன்னபடி கேட்க, அந்த ஊர் நம்பிக்கைப்படி கணினி மேல் காவலாக ஒரு பச்சைப் பொரிப் பொட்டலம்.

போட்டுக் கேட்டார்கள். அவள் குரல். சீழ்க்கை. அதற்கடியில்... இன்னொரு பெண் குரல். அரைத் தாளம் பிந்தி.

அலமாரியிலிருந்து நனைந்த ஊதுபத்திச் சாம்பல் வாசனை வந்தது.

போ-ஹான் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தான். "பெய்-லின்... இது போன மாசமே காலாவதி. காலாவதியானத வச்சா காவல் போயி கண்டதும் உள்ள வரும்னு தெரியும்ல? வா, கோ அண்ணன் பதிஞ்சதையே அனுப்பிடலாம்."

"போறதுன்னா நீ போ. கிதாரை வச்சிட்டுப் போ."

அவன் போகவில்லை.

அவள் மறுபடி அலமாரிக்குள் நுழைந்தாள். "அக்கா, இது என் பாட்டு. பாடணும்னா பல்லவிக்கு மட்டும் வா. தாளம் பிசகக் கூடாது."

இரண்டாம் பதிவு. பல்லவிக்குச் சரியாக வந்தது அந்தக் குரல். ஒரு இழை பிசகில்லை. எதையும் வெட்டாமல் ஐந்து நாற்பதுக்கு அனுப்பினாள்.

ஏழு மணிக்கு கோ கூப்பிட்டார். குரலில் சிரிப்பில்லை. "இன்னைக்கு மூணு குழு பாடியாச்சும்மா. அந்த அக்கா வரல. நீ இங்கேருந்து எதையாவது... கூட எடுத்துட்டுப் போனியா?"

பெய்-லின் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மறுநாள் காலை, மேடை கிடைத்தது என்று செய்தி. தன் பதிவைக் கேட்கக் கணினியைத் திறந்தாள். இரண்டு பதிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தன.

மூன்றாவதில் அந்தப் பெண் மட்டும் பாடினாள். ஐந்தாவதில் தாளம் சரி. எட்டாவதில் பெய்-லின் மூச்சிழுக்கும் இடத்தில் மூச்சிழுத்தாள். பதினோராவதில்... அச்சாக பெய்-லினின் குரல். எல்லாம் இருந்தது. சீழ்க்கை மட்டும் இல்லை.

பெய்-லின் அலமாரி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் பாடுற, அக்கா. ஆனா மேடையில நிக்கப்போறது நான்."

உள்ளே கம்பளி அசைந்தது.

பிறகு அலமாரிக்குள்ளிருந்து, மெதுவாக, பல்லிடுக்கில் வருகிற மாதிரி... ஒரு சீழ்க்கை.