புட்டிப்பால் காளை

எனது பெயர் மாரீ டன்ஸ்டன், வயது 46, கணவர் பெயர் நெவில். விக்டோரியா மாநிலம் கோரம்பரா அருகே கிரஹாம் டக்ஃபீல்டின் பால் பண்ணையில், அவர் கொடுத்த வீட்டில் குடியிருந்து இருவரும் மாடு கறக்கும் வேலை செய்து வருகிறோம்.

தாயிடமிருந்து பிரித்துக் கையால் பாலூட்டும் கன்றை எங்கள் பக்கம் சூக் என்போம். அது சதா கத்திக்கொண்டு ஆள் பின்னாலேயே வரும். எதற்கெடுத்தாலும் பயந்து சிணுங்கும் ஆளுக்கும் அந்தப் பெயர் வந்தது அதனால்தான் என்பார்கள். விசாரணைக்குத் தேவை என்பதால் இதைச் சொல்கிறேன்.

சென்ற செவ்வாய் காலை, கறவை முடிந்ததும், காளையை அடுத்த புல்வெளிக்கு மாற்றும்படி கிரஹாம் சொன்னார். அது கன்றாக இருந்தபோது புட்டியில் பால் கொடுத்தவள் நான். மந்தையில் வளர்ந்த காளை ஆளைக் கண்டால் ஒதுங்கும். கையில் வளர்ந்தது ஒதுங்காது, ஆளையும் இன்னொரு காளையாக எண்ணி மோதும். அது தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறியதைப் பார்த்து, டிராக்டர் இல்லாமல் உள்ளே போகமாட்டேன் என்று என் கணவர் சொன்னார். அதற்கு கிரஹாம், மற்ற வேலையாட்கள் முன்னிலையில், "உன் பொண்டாட்டி புட்டிப்பால் குடுத்து வளத்த சூக்குடா அது. அதுக்கே பயந்தா உன்ன என்னன்னு கூப்பிடுறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். போக வேண்டாம் என்று நான் கத்தினேன். அதன் பிறகு என் கணவர் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வேலியைத் தாண்டினார். அதன் பிறகு காளை அவரைக் கம்பத்தோடு வைத்து நசுக்கியது. நானே டிராக்டரை ஓட்டிப் போய் அதை விலக்கினேன். அவருக்கு விலா எலும்புகள் நொறுங்கிவிட்டன.

அவராகத்தான் போனார், யாரும் சொல்லவில்லை என்று கிரஹாம் இப்போது சொல்கிறார். அது பொய். மருத்துவமனையில் என் கணவரும் என்னைத் தடுத்தார். "விடு மாரீ. போலீசுக்குப் போனா ஊரே என்ன சூக்குன்னு சொல்லும்" என்றார். பேச மூச்சு இல்லாத நேரத்தில் அதைத்தான் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "அந்தப் பேருக்குப் பயந்துதானே உள்ள போன?" என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் நீதிமன்றத்தில் இதையேதான் சொல்வேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். கிரஹாம் "விளையாட்டாக" அப்படிச் சொன்னார் என்று எழுதியிருந்ததை மட்டும் அடிக்கச் சொன்னேன், என் எதிரிலேயே அடிக்கப்பட்டது. மீதி எல்லாம் நான் சொன்னபடி, உண்மை.

(கையொப்பம்) மாரீ டன்ஸ்டன்