செல்லக்கிளி அம்மாளுக்கு ஏன் ஊசி போடவில்லை

தவிடு பறக்கும் மண்ணச்சநல்லூரிலிருந்து கொள்ளிடம் பாலம் கடந்து வந்து, இந்த ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தை நிறைத்திருக்கும் பெருமக்களே. இந்தப் புற்றுநோய் விழிப்புணர்வு விழாவின் தலைவராக வீற்றிருக்கும் அரிசி ஆலை அதிபர், அண்ணன் பிச்சமுத்து அவர்களே. தலைவர் என்ற பட்டத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, தலைமை தாங்கும் வேலையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, முன்வரிசையில் ஒன்றும் அறியாதவர் போல் அமர்ந்திருக்கும் அவர் துணைவியார் செல்லக்கிளி அம்மையார் அவர்களே. உறையூரில் தையல் கடை வைத்து ஊருக்கே அளவெடுத்து, இப்போது என்னையும் மேலும் கீழும் அளந்துகொண்டிருக்கும் சகோதரி இர்பானா அவர்களே. ஆலைக்கு விடுமுறை விட்டு வந்த பெரியோர்களே, அடுப்புக்கு விடுமுறை விட்டு வந்த தாய்மார்களே, பந்திக்கு முதலில் ஓடுவதற்கு வசதியாகக் கடைசி வரிசையில் கதவோரம் இடம் பிடித்திருக்கும் இளைஞர்களே. உங்கள் எல்லோருக்கும் இந்த மகாலட்சுமியின் பணிவான வணக்கம்.

நான் திருச்சியில் புற்றுநோய் மருத்துவம் பார்ப்பவள். என்னை அறிமுகம் செய்த தம்பி ரஞ்சித், என் பட்டங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்தார். அந்த நேரத்தில் நான் மூன்று நோயாளிகளைப் பார்த்து முடித்திருப்பேன். பரவாயில்லை, என் மாமியார் இங்கே வந்திருக்கிறார். அவரும் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.

இன்று நான் பேசப்போவது செல்லக்கிளி அம்மாளைப் பற்றி. அனுமதி வாங்கிவிட்டேன். "பேரச் சொல்லியே பேசுங்க டாக்டர். அவரையும் விட்டுராதீங்க" என்றார். அந்த அவர் யாரோ என்று தலைவர் திரும்பிப் பார்க்கிறார். தலைவரே, தாங்கள்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் ஒரே பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மண்ணச்சநல்லூர் செல்லக்கிளி. இன்னொருவர் உறையூர் இர்பானா. இருவருக்கும் ஐம்பத்தைந்தை ஒட்டிய வயது. இருவருக்கும் மார்பில் கட்டி. மார்பு என்று நான் சொன்னதும் ஏன் அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்க்கிறீர்கள்? அதற்கு என்ன கூச்சம்? கை விரலில் முள் குத்தினால் தெரு முழுக்கக் காட்டுகிறோம். மார்பில் கட்டி வந்தால் மட்டும் மாதக்கணக்கில் மறைக்கிறோம். கூச்சத்துக்காகக் காத்திருக்கிற பழக்கம் கட்டிக்குக் கிடையாது, தாய்மார்களே.

இவர்கள் இருவரும் நல்லவேளையாகச் சீக்கிரம் வந்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்தது. எடுத்த கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். வடிவம் ஒன்று, வகை ஒன்று, அளவும் ஏறத்தாழ ஒன்று. இரண்டுமே ஹார்மோனை உண்டு வளரும் கட்டிகள். இரண்டுமே அக்குளுக்குப் பரவாதவை. இதைப் பார்த்த முந்தைய காலத்து மருத்துவர் என்ன செய்திருப்பார்? எதற்கும் இருக்கட்டும் என்று இருவருக்கும் கீமோ ஊசி எழுதியிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் இருந்தது அந்த மைக்ராஸ்கோப் மட்டும்தான். அந்த 'எதற்கும் இருக்கட்டும்' என்ற சொல்லுக்காக எத்தனை பெண்கள் முடி இழந்தார்கள், எத்தனை பெண்கள் வாய்ப்புண்ணோடு வெறும் மோரைக் குடித்துக்கிடந்தார்கள் தெரியுமா?

இப்போது வேறொரு வழி இருக்கிறது. அதன் பெயர் மரபணு வெளிப்பாட்டுச் சோதனை. பெயரைக் கேட்டு யாரும் எழுந்து போய்விடாதீர்கள். எளிதாகச் சொல்கிறேன்.

இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் வாய் இருக்கிறது. ஆனால் எல்லோருமா பேசுகிறீர்கள்? முதல் வரிசை அமைதி. நடு வரிசையில் ஒரு கிசுகிசு. கடைசி வரிசையில், சாம்பாரா வத்தக்குழம்பா என்று ஒரு பெரும் விவாதம். ஒரு புகைப்படம் எடுத்தால் அதில் நீங்கள் அத்தனை பேரும் சாதுக்கள். யார் வாய் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அளந்தால்தானே மண்டபத்தின் குணம் தெரியும்? நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய இருபதாயிரம் மரபணுக்கள் உண்டு. எல்லாம் எப்போதும் பேசுவதில்லை. சில பேசும், சில கத்தும், சில வாயே திறக்காது. மைக்ராஸ்கோப் எடுப்பது புகைப்படம். இந்தச் சோதனை அளப்பது சத்தம். பெருகு, பெருகு என்று தூண்டும் மரபணுக்கள் கட்டிக்குள் கூச்சல் போடுகின்றனவா, அடங்கிக் கிடக்கின்றனவா என்று அது கேட்டுச் சொல்லும்.

என்னம்மா அங்கே, கை தூக்குகிறீர்கள்? சத்தத்தைக் கேட்டு என்ன தெரிந்துவிடும் என்கிறீர்களா? நல்ல கேள்வி. கேட்ட சத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதே போன்ற கட்டி வந்த ஆயிரக்கணக்கான பெண்களின் தரவு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. எந்தச் சத்தம் இருந்தவர்களுக்கு நோய் திரும்பி வந்தது, யாருக்குக் கீமோ கைகொடுத்தது, யாருக்கு அது உடம்பை வாட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அதோடு உங்கள் கட்டியை ஒப்பிட்டு, ஓர் எண் கொடுப்பார்கள். எண் பெரியது என்றால் கீமோ தேவை. சிறியது என்றால் இந்த வகைக் கட்டிக்கு ஹார்மோன் மாத்திரை போதும். எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது. பொருந்தும் இடத்தில் பெரிய வரம்.

இர்பானாவுக்குப் பெரிய எண் வந்தது. செல்லக்கிளி அம்மாளுக்குச் சிறிய எண் வந்தது. நான் மகிழ்ச்சியோடு அவர் குடும்பத்தை அழைத்தேன். உற்றார் உறவினரோடு உள்ளே வந்தார்கள். "அம்மா, உங்களுக்குக் கீமோ வேண்டாம். இந்த மாத்திரையை மட்டும் ஐந்து வருஷம், ஒரு நாள் விடாமல் போடுங்கள். பத்தியம் எதுவும் இல்லை. பிடித்ததைச் சாப்பிடுங்கள்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அறையில் இருந்த அத்தனை முகமும் தொங்கிப்போனது.

சிரிக்கிறீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. மருத்துவர் மருந்து வேண்டாம் என்று சொல்லி, மனசுக்குப் பிடித்ததைச் சாப்பிடு என்றும் சொல்லிவிட்டால், நம் ஊரில் அதற்கு என்ன பொருள்? வீட்டுக்குக் கொண்டு போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். அன்று மாலைக்குள் லால்குடி வரைக்கும் செய்தி போய்விட்டது. செல்லக்கிளியைக் கைவிட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு கூட்டம். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு கூட்டம். வந்தவர்கள் எல்லாம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்லா இருக்கே, ஒண்ணும் ஆகாது என்று சொல்லி, வாசலுக்குப் போய் அழுதார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் கலையரசன் விமானம் ஏறிவிட்டான். அம்மாள் பீரோவைத் திறந்து பட்டுப்புடவைகளைப் பங்கு போட ஆரம்பித்தார். வாங்கிக்கொண்டு போனவர்கள் சிலர் இங்கேயே இருக்கிறீர்கள். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டே வந்திருக்கிற துணிச்சலுக்கு என் பாராட்டு.

நம் தலைவர் என்ன செய்தார்? முப்பது ஆண்டுக்கும் மேலான இல்லற வாழ்வில், குழம்பில் உப்பு இல்லை என்பதைத் தவிர வேறு வசனம் பேசாதவர், முதன்முறையாக மனைவியைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்த அம்மாளுக்கு அதில்தான் உயிரே போனது. பிறகு என்னிடம் சொன்னார்: "அவரு அன்பா பேசுனாருங்க டாக்டர். அப்பவே நெனச்சேன், என் கதை முடிஞ்சுதுன்னு."

இதுவரை சிரித்தோம். இனிச் சொல்வதில் சிரிப்பு இல்லை. போகிற உயிருக்கு மாத்திரை எதற்கு என்று செல்லக்கிளி அம்மாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். அவரைக் காக்க இருந்தது அந்த ஒன்றுதான், அதையும் நிறுத்திவிட்டார். இன்னொரு பக்கம், ஊசி போட்டே தீருவது என்று தலைவர் வெளியூர் மருத்துவமனைக்குத் தேதி வாங்கிவிட்டார். வேண்டியதை விட்டாயிற்று, வேண்டாததைத் தேடியாயிற்று. நான் போன் செய்தேன். "டாக்டர் ஆறுதலுக்குச் சொல்றாங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அப்போது அம்மாள் தனியாக டவுன் பஸ் ஏறி எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். என்னைப் பார்க்க அல்ல. கீமோ வார்டில் இருந்த இர்பானாவைப் பார்க்க. பெஞ்சில் கிடைத்த சிநேகிதம் அது. அன்று இர்பானாவுக்கு இரண்டாவது சுற்று. தலையில் முடி இல்லை, கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது, பக்கத்தில் வாந்தி எடுக்க ஒரு கிண்ணம். நான் அடுத்த கட்டிலில் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒனக்காவது ஊசி போடுறாங்க. குடுத்து வச்சவ நீ" என்றார் செல்லக்கிளி அம்மாள்.

இர்பானா கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினார். "அக்கா, எனக்குக் கோவம் வருது. ரெண்டு பேருக்கும் ஒரே கட்டி. எனக்கு ஏன் பெரிய நம்பர் குடுத்தேன்னு நான் அல்லாகிட்ட அழுதுக்கிட்டு இருக்கேன். ஒங்களுக்குச் சின்ன நம்பர் வந்திருக்கு. எனக்கு அது வந்திருந்தா தெருவுக்கே பிரியாணி ஆக்கிப் போட்டிருப்பேன். நீங்க சேலைய பங்கு போடுறீங்க."

"கைவிட்டுட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே."

"கைவிடலக்கா. ஒங்கள விட்டுட்டாங்க. இந்த நாற்காலியில ஒக்கார வேணாம்னு விட்டுட்டாங்க. மாத்திரை போடுறீங்களா?"

அம்மாள் சேலைத் தலைப்பைத் திருகினார்.

"போடலியா. சரி, வீட்டுக்குப் போயி மொதல்ல அதப் போடுங்க. போட்டுட்டு எனக்கு போன் பண்ணுங்க. தெனமும் பண்ணணும். நீங்க போட்டேன்னு சொன்னாத்தான் அடுத்த ஊசிக்கு நான் கைய நீட்டுவேன்."

பெரியோர்களே, நான் படித்தவள். படம் வரைந்து விளக்கினேன், எண் சொல்லி விளக்கினேன், எடுபடவில்லை. வேதனையில் இருந்த ஒரு பெண்ணின் கோபம் எடுபட்டது. அன்று முதல் மண்ணச்சநல்லூரிலிருந்து உறையூருக்குத் தினமும் ஒரு போன் போனது. மாத்திரை போட்டாச்சு என்று இங்கிருந்து சொல்வார்கள். சோறு இறங்கிச்சா என்று அங்கே கேட்பார்கள். வாங்கிய தேதியைத் தலைவர் ரத்து செய்தார், அல்லது ரத்து செய்ய வைக்கப்பட்டார். இர்பானா எல்லாச் சுற்றையும் முடித்தார். அவருக்கு முடி வளர்ந்துவிட்டது, பாருங்கள், என்னைவிட அடர்த்தி. நாளைக்கு என்ன ஆகும் என்று எந்த எண்ணும் சத்தியம் செய்து தராது. ஆனால் இன்று இருவரும் நலமாக இருக்கிறார்கள். ஒருவர் கீமோ எடுத்துக்கொண்டு நலம், ஒருவர் எடுத்துக்கொள்ளாமல் நலம். மாற்றிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது நான் வந்த காரியத்தைச் சொல்கிறேன். இர்பானாவுக்கு வேண்டும் என்றும் செல்லக்கிளிக்கு வேண்டாம் என்றும் நான் சொன்ன துணிச்சல் எங்கிருந்து வந்தது? முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பெண்களிடமிருந்து வந்தது. பிழைத்தவர்களும் பிழைக்காதவர்களும் தங்கள் கட்டியை ஆய்வுக்குக் கொடுத்துவிட்டுப் போன கொடை அது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கடல் கடந்த நாட்டவர். நம் பெண்கள் அதில் மிகக் குறைவு. நம் உடம்புக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா? சில இடத்தில் பொருந்தும், சில இடத்தில் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் வெட்கப்படுகிறேன். கணக்குப் போடத் துவாக்குடி பொறியியல் கல்லூரியில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கருவி இருக்கிறது, கணினி இருக்கிறது, காவிரிக் கரையில் கட்டி வந்த பெண்களின் தரவு மட்டும் இல்லை. அதற்காக நாங்கள் ஓர் ஆய்வு தொடங்குகிறோம். சிகிச்சை முடிந்தவர்களின் கட்டித் துணுக்கு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அதை ஆராயலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். நீங்கள் சரி என்று சொல்லாமல் நாங்கள் தொட மாட்டோம்.

இதைப் போன மாதம் தலைவர் வீட்டில் போய்ச் சொன்னேன். அண்ணன் யோசித்தார். மகன் வீடியோவில் யோசித்தான். அண்ணனின் லால்குடித் தங்கை யோசித்தார். "நம்ம வீட்டுப் பொம்பளையோட கட்டிய வெளியில குடுக்குறதா, எதுக்கும் பெரியவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்று அண்ணன் சொன்னார். நோய் வந்த நாள் முதல் அந்த உடம்பைப் பற்றி எல்லோரும் பேசினோம். கணவர் பேசினார், மகன் பேசினான், ஊர் பேசியது, நானும் பேசினேன். அந்த அம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"என் கட்டிங்க அது. நாந்தானே சொமந்தேன். நான் குடுக்குறேன்."

தாய்மார்களே, உங்கள் உடம்பைப் பற்றிய முதல் வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும், கேலியைத் தாங்கிக்கொண்ட தலைவருக்கும், தங்கள் கதையை எனக்குத் தந்த இரண்டு பெண்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. போய் வருகிறேன், வணக்கம்.