கவுன்ட் ராடோவுக்கு நிற்காத கார்

மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். நல்ல மழை. டென்னசியில், டஸ்கம் என்ற ஊரிலிருந்து ஹார்மன்ஸ் ஃபெரிக்குப் போகும் மலைரோடு... இரண்டு பக்கமும் காடு, நடுவில் ஒற்றைக் கார். ஓட்டியவர் வென்டெல் டாக்கெட். என் சிநேகிதன் கிளைடுக்குத் தாய்மாமா. பொய் சொல்லியே பிழைத்த மனிதர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதைச் சொன்னபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லையாம்.

அந்தக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. கிட்டே நெருங்கி உட்காருங்கள். இருட்டைச் சாக்கு வைத்து யாரும் யாரையும் கிள்ள வேண்டாம்.

மூன்று நதி மல்யுத்தக் கம்பெனி ஏன் மூடப்பட்டது என்று டென்னசியில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரிய ஊர்க் கம்பெனிகள் விழுங்கிவிட்டன என்பார்கள். முதலாளி மாப்லி குடித்தே தீர்த்துவிட்டார் என்பார்கள். இரண்டும் இல்லை. ஒரு புகையிலைக் கிடங்கில் நாலு கம்பம் நட்டுக் கயிறு கட்டித் தொடங்கிய கம்பெனி அது. சனிக்கிழமை தவறாமல் டிவியில் வருமளவுக்கு வளர்ந்தது. வளர்த்தவர்கள் இரண்டு பேர். மேடையில் நல்லவன் வேஷம் வென்டெல். கெட்டவன் வேஷம் கவுன்ட் ராடோவ்.

கவுன்ட் எந்த நாட்டுப் பிரபு என்று வேஷம் கொடுத்த கம்பெனிக்கே தெரியாது. கறுப்பு அங்கி, முறுக்கு மீசை, 'ர'வை உருட்டி உருட்டி ஒரு பேச்சு. நிஜத்தில் அவர் லெஸ்டர் கூச். கென்டக்கியில் பன்றி வளர்த்த குடும்பம். வென்டெலுக்கு உயிர்ச் சிநேகிதர். ஆனால் அது வெளியே தெரிந்தால் இருவர் அடுப்பும் அணைந்துவிடும். தொழில் சட்டம் அப்படி. நல்லவனும் கெட்டவனும் ஒன்றாகக் கண்ணில் படக் கூடாது. தனித்தனி அறை, தனித்தனி கார், தனித்தனிச் சாப்பாட்டுக் கடை. வழியில் ஒருவன் வண்டி நின்றுபோனால் மற்றவன் நிறுத்தக் கூடாது. சண்டை நிஜம் என்று நம்பித்தானே ஜனம் வருகிறது! வென்டெலுக்கு லெஸ்டரின் மனைவி டார்லீன் பொரித்த மீன் சாப்பிட ஆசை வந்தால், ஊர் அடங்கியபின் விளக்கை அணைத்துக் கொல்லைப்புறமாகக் காரை உருட்டிக்கொண்டு வருவார்.

அன்று மழையில் அவர் தனியாக இல்லை. ஆட்டம் பார்க்க வந்த எம்மெட் ஸ்டோக்ஸின் வண்டி கிளம்ப மறுத்தது. அவரையும் அவர் மகள் லூரலீனையும் வீட்டில் விட அழைத்துப் போனார். நல்லவன் என்றால் செய்ய வேண்டும் அல்லவா?

"சாம்பியன், அந்த மீசைக்காரனை இன்னைக்கு வெளுத்து வாங்கிட்டீங்க. வயிறு குளுந்து போச்சு!" என்றார் எம்மெட்.

வளைவு திரும்பியது. வெளிச்சத்தில்... ஒரு கார். மூக்கு பள்ளத்தில். பக்கத்தில் மழையில் லெஸ்டர். வலது கையை ஆட்டுகிறார். இடது கை நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறது. கார் கிட்டே வந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த குழந்தையின் முகத்தை லெஸ்டர் பார்த்துவிட்டார். ஆட்டிய கை அப்படியே கவுன்ட்டின் முஷ்டியாக மடங்கியது.

"ஐயோ, அந்தக் கெட்டவன்! நிறுத்தாதீங்க மிஸ்டர் வென்டெல்!" என்று கத்தினாள் லூரலீன்.

"நனையட்டும் விடு பாப்பா. மழையிலயாவது குளிக்கட்டும் கழுதை!" என்றார் வென்டெல்.

நெஞ்சைப் பிடிப்பது லெஸ்டரின் பழைய வித்தை. மேடையில் நெஞ்சைப் பிடித்து மண்டியிடுவார், பாவம் என்று நல்லவன் கிட்டே போனால் கண்ணில் பொடி தூவுவார். மழையிலும் நடிக்கிறானே, கில்லாடி என்று நினைத்தார் வென்டெல். ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனார். இதுவரைக்கும் குற்றமில்லை. ஆனால் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்ததே... லெஸ்டர் வாயைத் திறந்தபடி நின்றார். மழை வாய்க்குள் விழுந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்காதபோது எவன் நடிப்பான்? வென்டெலுக்கு அது புரிந்தது. புரிந்தும் கால் பிரேக்குக்குப் போகவில்லை.

இவர்களை விட்டுவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்று நினைத்தார். எம்மெட்டின் மனைவி விடவில்லை. காபி, பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம். சாம்பியன் நம் வீட்டில் கை நனைக்காமல் போவதா? அவர் உட்கார்ந்து தின்றார். இன்னொரு துண்டு வைத்தார்கள். அதையும் தின்றார். அந்த இரண்டாவது துண்டைச் சொல்லும்போதுதான் வென்டெல் மாமாவுக்குக் குரல் உடைந்ததாம்.

திரும்பிப் போனபோது லெஸ்டர் தன் காரில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தே இருந்தது. கை ஜில்லென்று இருந்தது. வென்டெல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ... தூரத்தில் ஒரு லாரியின் வெளிச்சம் தெரிந்தது. யாரும் பார்த்துவிடப் போகிறார்களே என்று கையை விட்டுவிட்டு ஓடிவந்து காரில் ஏறினார். செத்தவனோடு நிற்கவும் தொழில் பயம் விடவில்லை. த்தூ என்று இருக்கிறதா? அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

பேப்பரில் லெஸ்டர் கூச் காலமானார் என்று நாலு வரி வந்தது. கவுன்ட்தான் அவர் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி மாப்லிக்கு அது வசதியாகப் போயிற்று.

"வென்டெல், டிவியில என்ன சொல்ற தெரியுமா? நீ அடிச்ச அடியில கவுன்ட் நாட்ட விட்டே ஓடிட்டான். சத்தமாச் சொல்லு."

"பாஸ், நாளைக்கு அவன் அடக்கம்..."

"அங்க நீ தலைய காட்டினே, நாம எல்லாரும் தெருவுல நிக்க வேண்டியதுதான்."

வென்டெல் அடக்கத்துக்குப் போகவில்லை. டிவியில் மார்தட்டி, "நாய் மாதிரி ஓடினான்!" என்றார். ஜனம் கை தட்டியது. டார்லீன் வீட்டிலும் டிவி இருந்தது.

அதற்கப்புறம்தான் அந்த வளைவு...

முதல் தடவை அவர் அதை மரம் என்று நினைத்தார். அடுத்த தடவை வேகத்தைக் கூட்டினார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் அந்த வழியாகத்தான் வீடு போக வேண்டும். மழை இல்லாத நாளிலும் அங்கே ஒருவர் நனைந்து நின்றார். முஷ்டி உயர்ந்தே இருந்தது.

ஒரு நாள் தாங்க முடியாமல் நிறுத்தினார். பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். வெளியே யாரும் இல்லை. தவளைச் சத்தம்கூட இல்லை. திடீரென்று... கிர்ர்ரீச். பக்கத்து சீட்டு அமுங்கியது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலித் தைலமும் ஈரத் துணியும் கலந்த வாடை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வென்டெல் பக்கத்தில் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்து ஓட்டினார். ராத்திரிக் கடை ஒன்றில் வெளிச்சம் தெரிந்ததும், மனிதர்கள் இருக்கிறார்களே என்று உயிர் வந்து நிறுத்தி இறங்கினார். ஆட்டம் பார்த்துத் திரும்பிய எம்மெட்டும் லூரலீனும் அப்போதுதான் கடையிலிருந்து வெளியே வந்தார்கள்.

எம்மெட்டின் சிரிப்பு பாதியில் நின்றது. காரையே பார்த்தார்.

"உங்க கார்ல உக்காந்திருக்கறது... கவுன்ட்தானே? ஓடிட்டான்னீங்க. சேர்ந்தா சுத்துறீங்க? எங்களைக் கேணப்பயன்னு நெனச்சீங்களா?"

வென்டெலுக்கு ஒரு பக்கம் பயம்தான். இன்னொரு பக்கம், அப்பாடா என்று இருந்தது. மறைத்து மறைத்து மனசு புழுத்துப் போயிருந்தது. போகட்டும் கம்பெனி என்று வாயைத் திறந்தார்.

"ஆமா எம்மெட். அவன் என் சிநேகிதன். பேரு லெஸ்டர். என் கூடப்பிறந்தவன் மாதிரி."

லூரலீன் அண்ணாந்து பார்த்தாள். "அப்ப அன்னைக்கு மழையில ஏன் அவரை ஏத்திக்கல?"

பதில் வேறிடத்திலிருந்து வந்தது. காரின் ஏற்றிவிட்ட கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. 'ர'வை உருட்டி உருட்டி...

"யார்ர்ர் சிநேகிதன்? இந்தக் கோழையின் கார்ர்ரில் நானா ஏர்ர்றுவேன்? உன்னைக் கொல்லத்தான் வந்திருக்கிறேன், டாக்கெட்!"

எம்மெட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதானே பார்த்தேன்! மிரட்டி ஏறிட்டானா? சனிக்கிழமை இவனைச் சும்மா விடாதீங்க சாம்பியன்!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். வென்டெல் திரும்பிப் பார்த்தார். காரில் யாரும் இல்லை. சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விட்டுவிட்டுப் போனவனை லெஸ்டர் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். பேயைவிட அதுதான் வென்டெலைத் தின்றது. அந்தச் சனிக்கிழமை அவர் மேடை ஏறவில்லை. அதற்கப்புறமும் ஏறவில்லை. நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை என்றால் யார் வருவார்கள்? குளிர்காலம் வருமுன் மாப்லி கிடங்கைப் பூட்டினார். மூன்று நதியின் கதை அவ்வளவுதான்.

டார்லீனிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வென்டெல் போனார். இந்தத் தடவை பட்டப்பகலில், முன்வாசல் வழியாக. அவள் அடுப்பங்கரையில் உட்கார வைத்துக் காபி ஊற்றினாள்.

"டார்லீன்... அன்னைக்கு ராத்திரி ரோட்டுல, லெஸ்டரை நான்..."

பின்கட்டுப் பலகை கிறீச்சிட்டது. தைல வாடை வந்தது.

"நம்பாதே பெண்ணே! இந்தக் கோழை என்னைப் பார்ர்ர்க்கவே இல்லை!"

டார்லீன் அலறவில்லை. காபிக் குடுவையை மெல்லக் கீழே வைத்தாள். பின்கட்டைப் பார்த்தாள். பிறகு வென்டெலைப் பார்த்தாள்.

"பூட்ஸைக் கழட்டும்போதே அந்தக் குரலையும் வாசல்ல கழட்டி வெச்சுட்டுத்தான் வருவாரு, வென்டெல். இந்த வீட்டுக்குள்ள ஒரு நாளும் அப்படிப் பேசினதில்ல. எங்கிட்டகூட இன்னும் கவுன்ட்டாவே நிக்கறாரே... அவரை எங்க விட்டுட்டு வந்தீங்க?"