உள்குழல்

ஓட்மார்: அண்ணி… அதைக் கீழ வைங்க. மெதுவா. அதோட வாயை என் பக்கம் திருப்பாதீங்க.

வால்பர்கா: ஏன், கடிச்சிடுமா?

ஓட்மார்: எங்கேருந்து எடுத்தீங்க இதை?

வால்பர்கா: மேல் அடுக்குல கல்சுவர் சரிஞ்சிருந்துச்சு. திருப்பி அடுக்கலாம்னு நாலு கல்லை எடுத்தா, உள்ள ஒரு மெழுகுத்துணி மூட்டை. பிரிக்கிறதுக்கு முன்னாடியே யாரு வச்சதுன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க சமையல் மேசை விரிப்பு அது. ஒன்றரை வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன்.

ஓட்மார்: கேட்காம எடுத்தது தப்புதான் அண்ணி.

வால்பர்கா: மூஞ்சியை அப்படி வச்சுக்காதே. விரிப்புக்காக யாரும் உன்னைத் தூக்குல போடப்போறதில்லை.

ஓட்மார்: இதுக்காகவா ஆள் விட்டுக் கூப்பிட்டீங்க? திராட்சை மலையை அடைச்சு மூணு வாரம் ஆகுது. அறுப்பு மணி அடிக்கிற வரைக்கும் தோட்டத்துக்காரனே உள்ள கால் வைக்கக்கூடாது. யாராவது பார்த்தா…

வால்பர்கா: பார்த்தா பார்க்கட்டும். காவல்காரி நான். நான் கூப்பிட்டா வரலாம். ஊர்ல ஆம்பளை இல்லைன்னு உங்க அண்ணன் பார்த்த வேலையை என் தலையில கட்டி, கையில ஒரு கிலுகிலுப்பையையும் குடுத்து உக்கார வச்சாங்கல்ல…

ஓட்மார்: அண்ணன் கையில துப்பாக்கி இருந்துச்சு.

வால்பர்கா: அதைத்தான் சண்டை முடிஞ்சதும் அமெரிக்கக்காரன் சந்தையில குவிச்சு, டாங்கியை மேல ஏத்தி நசுக்கிட்டானே. முயல் சுடுற துப்பாக்கியைக்கூட விடலை. இப்ப அங்க பார். கீழ்ச்சரிவுல. கறுப்பா…

ஓட்மார்: சூறைக்குருவிக் கூட்டம்.

வால்பர்கா: நேத்து மேற்குச் சரிவை ஒரு மணி நேரத்துல மொட்டையாக்கிட்டுப் போச்சு. தகரம் தட்டினேன். தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினேன். கிலுகிலுப்பையை ஆட்டினா, தாளம் போட்டுக்கிட்டுத் தின்னுது, ஓட்மார்!

ஓட்மார்: சிரிக்க வைக்காதீங்க.

வால்பர்கா: நான் சிரிக்கலை. இன்னும் எட்டு நாள் கொடியில நின்னாத்தான் பழம் தேறும். இந்த வருஷம் ஒயின் இல்லைன்னா மாத்திக்க உருளைக்கிழங்கு இல்லை, நிலக்கரி இல்லை. என் வீட்டுக்கு மட்டுமா? நாப்பது வீட்டுக்கு. போன குளிர்காலத்துல எத்தனை பேரைப் புதைச்சோம்? நீதானே குழி வெட்டின.

ஓட்மார்: ஆயுதம் வச்சிருந்தா என்ன தண்டனைன்னு ஊர் மண்டபத்துல ஒட்டியிருக்கான். படிச்சீங்களா?

வால்பர்கா: ஜெர்மன்லயும் ஒட்டியிருக்கான், இங்கிலீஷ்லயும் ஒட்டியிருக்கான். ரெண்டுலயும் குருவியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

ஓட்மார்: அண்ணி, இது விளையாட்டு இல்லை. ராணுவத் துப்பாக்கி.

வால்பர்கா: வெளிச்சத் தோட்டா விடுற துப்பாக்கி. வானத்துல சிவப்பு, பச்சைன்னு விட்டு சைகை காட்டறது. நீ சொன்னதுதானே? மில் மாடியில உன்னை அதுக்குத்தான் நிறுத்தினாங்க. டாங்கி வர்றது தெரிஞ்சா சிவப்பு விடணும். விட்டுட்டு ஓடி வந்துட்டேன்னு சொன்ன.

ஓட்மார்: …ஆமா.

வால்பர்கா: அப்ப குருவிக்கும் ஒரு சிவப்பு விட்டுடுவோம். மூட்டையில ரெண்டு தோட்டா இருக்கு.

ஓட்மார்: ஈரம் இறங்கியிருக்கும். வெடிக்காது.

வால்பர்கா: என் விரிப்பைப் பத்தி என்ன நினைச்ச? சொட்டு ஈரம் இல்லை. ஆனா தோட்டாதான் உள்ள போகமாட்டேங்குது. பார்… இப்படி மடக்கித் திறந்துட்டேன்… வைக்கிறேன்… தோட்டா தடியா இருக்கு, துளை சின்னதா இருக்கு. சுத்தியால ஒரு தட்டு—

ஓட்மார்: தட்டாதீங்க! அய்யோ, தட்டிடாதீங்க அண்ணி! உள்குழல் இருக்கு அதுல. அதைக் கழட்டினாத்தான் வெளிச்சத் தோட்டா போகும்.

வால்பர்கா: என்ன குழல்?

ஓட்மார்: குழாய்க்குள்ள இன்னொரு குழாய். இங்க குடுங்க… முன்னாடி இந்த வளையத்தைத் திருகினா வந்துடும். துரு புடிச்சிருக்கு. எண்ணெய் ஏதாவது இருக்கா?

வால்பர்கா: மதியத்துக்குன்னு கொஞ்சம் பன்றிக்கொழுப்பு கொண்டுவந்தேன்.

ஓட்மார்: அது போதும்.

வால்பர்கா: குருவி தின்னது போக, துப்பாக்கியும் என் சோத்துல பங்கு கேக்குது… சட்டையைக் கழுத்து வரைக்கும் ஏன் பூட்டிக்கிட்ட?

ஓட்மார்: குளிர்.

வால்பர்கா: வெயில் மண்டையைப் பொளக்குது.

ஓட்மார்: …வந்துடுச்சு. இந்தாங்க.

வால்பர்கா: அம்மாடி, என்ன கனம். உள்ளுக்குள்ள சுத்திச் சுத்தி வரி வெட்டியிருக்கு. இதை எதுக்குச் சொருகறாங்க?

ஓட்மார்: அது… வேற தோட்டாவுக்கு.

வால்பர்கா: எந்தத் தோட்டாவுக்கு?

ஓட்மார்: சிவப்பைப் போட்டு மூடிட்டேன். குருவி எழும்புது பாருங்க. தள்ளி நில்லுங்க, காதைப் பொத்திக்குங்க. நான் விடறேன்.

வால்பர்கா: நான் விடறேன். பிடிச்சா காவல்காரியைப் பிடிக்கட்டும்.

ஓட்மார்: உங்களுக்குப் பழக்கம்—

வால்பர்கா: குடுன்னா குடு. எப்படிப் புடிக்கணும்?

ஓட்மார்: ரெண்டு கையாலயும். கூட்டத்துக்குக் கொஞ்சம் மேல. முழங்கையை விறைப்பா வைக்காதீங்க. மேல இருக்கிற கொக்கியைப் பின்னால இழுங்க… இன்னும்… இப்ப விசையை அமுக்குங்க.

வால்பர்கா: அய்யோ அம்மா!

ஓட்மார்: போச்சு! பாருங்க அண்ணி, பாருங்க… மொத்தக் கூட்டமும் மைன் ஆத்தைத் தாண்டுது!

வால்பர்கா: போங்க சனியன்களா! பக்கத்து ஊருக்குப் போய்த் தின்னுங்க! …என் தோள்பட்டை இருக்கா, கழண்டு விழுந்துடுச்சா?

ஓட்மார்: இருக்கு, இருக்கு.

வால்பர்கா: எப்பா, என்ன சிவப்பு. பட்டப்பகல்ல இப்படித் தெரியுதே.

ஓட்மார்: பனிமூட்டத்துலயே தெரியும். அதுக்குன்னு செஞ்சதுதானே.

வால்பர்கா: அப்படியா? டாங்கி வந்த அன்னைக்குக் காலையில மட்டும் ஊர்ல ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலையே.

ஓட்மார்: மிச்சத் தோட்டாவை மூட்டையில கட்டிடுவோம் அண்ணி.

வால்பர்கா: அன்னைக்கே கொண்டுவந்து சுவருக்குள்ள வச்சுட்ட. அப்புறம் யாரும் தொடலை, துருவைப் பார்த்தாலே தெரியுது. குழல் உள்ளயே இருந்துச்சு. குழல் இருந்தா சிவப்பு போகாதுன்னு இப்ப நீதான் சொன்ன.

ஓட்மார்: அண்ணி… வேண்டாம்.

வால்பர்கா: வேணும். எந்தத் தோட்டா, ஓட்மார்?

ஓட்மார்: …குண்டு. கைக்குண்டு மாதிரி, சின்னது. முந்தின நாள் கட்சிக்காரன் வந்து அஞ்சு குடுத்தான். சைகை காட்டினதெல்லாம் போதும், இனிமே இதால அடின்னான். குழலையும் அவன்தான் சொருகிக் குடுத்தான்.

வால்பர்கா: எத்தனை விட்ட?

ஓட்மார்: ஒண்ணு. மிச்சத்தை ஆத்துல போட்டுட்டேன்.

வால்பர்கா: அந்த ஒண்ணு எங்க விழுந்துச்சு?

ஓட்மார்: உங்களுக்கே தெரியுது.

வால்பர்கா: தெரியுது. உன் வாயால சொல்லு. அதுக்குத்தான் உன்னை இங்க கூப்பிட்டேன். இங்கதான் வேற காது இல்லை.

ஓட்மார்: கீழ்வாசல்ல… ரோட்டை மறிச்சு மரம் அடுக்கியிருந்தோமே, அங்க. ஒரே பனி. ஒண்ணும் தெரியலை. ரம்பம் போடுற சத்தம் மட்டும் கேட்டுது. அமெரிக்கக்காரன்தான் அறுத்துக்கிட்டு உள்ள வர்றான்னு நினைச்சேன். நம்ம ஆள் யாராவது அந்த மரத்தைத் தொட்டா அங்கயே தூக்குன்னு உத்தரவு இருந்துச்சே… டாங்கி ஊரைச் சுடாம போகட்டும்னு அதை அறுக்க எவன் போவான்னு… கீழ இறங்கிப் போய்ப் பார்த்தப்புறம்தான்… அண்ணன் ரம்பத்தைப் புடிச்ச கையை விடவே இல்லை.

வால்பர்கா: அமெரிக்கக்காரன் குண்டுன்னு சொன்ன.

ஓட்மார்: சொன்னேன். அரைமணி நேரத்துல அவனே வந்துட்டானா, ஊரே நம்பிடுச்சு. நீங்களும் நம்பினீங்க. என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதீங்க. அன்னைக்கே நான் செத்துட்டேன் அண்ணி.

வால்பர்கா: செத்தவன்தான் எனக்குத் தண்ணி சுமந்தானா? விறகு பிளந்தானா? என் கொடி அத்தனைக்கும் கவாத்து பண்ணினானா?

ஓட்மார்: வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை.

வால்பர்கா: நானும் வேண்டாம்னு ஒரு நாளும் சொல்லலை. வாங்கிக்கிட்டேன்.

ஓட்மார்: ஷ்… பாலத்துல ஜீப் சத்தம். சிவப்பைப் பார்த்திருப்பான். துப்பாக்கியை இப்படிக் குடுங்க.

வால்பர்கா: எதுக்கு?

ஓட்மார்: நான் கொண்டுபோறேன். நான்தான் சுட்டேன். இன்னைக்கும் நான்தான், அன்னைக்கும் நான்தான். ஊர் மண்டபத்துல எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லப்போறேன்.

வால்பர்கா: உக்காரு.

ஓட்மார்: மாட்டேன். முடிவு பண்ணிட்டேன். அவன் ஜெயில்ல போடட்டும், ஊர் காறித் துப்பட்டும், எதுவா இருந்தாலும் இன்னைக்கே நடக்கட்டும்.

வால்பர்கா: உக்காருன்னு சொன்னேன். போகும்போது சேர்ந்தே போவோம்.

ஓட்மார்: நீங்க எதுக்கு? குருவிக்குச் சுட்டதுக்கா? அதையும் நானே ஏத்துக்கறேன். எனக்கு ஒண்ணுதான் விளங்கலை அண்ணி. தினம் தினம் கேட்டுக்கிட்டே இருக்கேன். மில் மாடியில நான் இருக்கேன்னு அண்ணனுக்கு நல்லாத் தெரியும். ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா…

வால்பர்கா: அனுப்பினாரு. என்னைத்தான் அனுப்பினாரு. “நீ மில்லுக்குப் போய் ஓட்மார்கிட்ட சொல்லிடு, அப்புறம்தான் ரம்பத்தை வைப்பேன்”னாரு. “நீங்க ஆரம்பிங்க, விடியப்போகுது, இதோ ஓடறேன்”னு நான்தான் தள்ளிவிட்டேன். அதனால பாதியைச் சொல்ல நீ மட்டும் போகக்கூடாது, நானும் வரணும். ஊர் அடுப்புல எங்க ரொட்டி இருந்துச்சு, ஓட்மார். ஆறு ரொட்டி. வீட்டுல இருந்த கடைசி மாவு. கருகிடுமே, எடுத்து வச்சுட்டே போயிடலாம்னு நின்னேன். சத்தம் கேட்டப்ப நாலாவதை எடுத்துக்கிட்டிருந்தேன்.