காசியிலிருந்து கூட வந்தவள்

விடிகாலை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால். காசியில் ஒரு சந்து. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் சுவரில் உரசும், அவ்வளவுதான் அகலம். ஈரக் கல். அழுகின செவ்வந்திப்பூ வாசனை. எங்கேயோ ஒரு மணி… விட்டு விட்டு.

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். என்னோடு இந்த அறையில் தங்கியிருக்கிற அபிராமி இன்றைக்கு நைட் ஷிப்ட் போயிருக்கிறாள், அதனால்தான் சொல்கிறேன். இருந்தால் சொல்லவிட மாட்டாள். இது அவள் சித்திக்கு நடந்தது.

சித்தி பெயர் ஜெயசுதா. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தையலில் ஒரு ஊசி தவறியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதே கம்பெனியில் இருந்த பிரதீப்பைக் காதலித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அவிநாசிபாளையத்துக்குப் போனாள். அந்த வீட்டில் பிரதீப்பின் அக்கா சாமியாத்தாள் இருந்தாள். புருஷன் இல்லாதவள், தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தெற்கத்திப் பெண் வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பது வருஷம். ஒரு நாள் கூட ஜெயசுதாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிர்வீட்டுப் பெண்களையெல்லாம் வாய் நிறையக் கண்ணு என்று கூப்பிடுவாள். இவளுக்கு மட்டும் 'ஏ புள்ள'. குழந்தை இல்லை என்று ஆனபிறகு அதுவும் குறைந்துபோய், சுவரைப் பார்த்துப் பேசுவாள்.

போன தை மாசம் சாமியாத்தாளுக்குக் காசிக்குப் போய் அம்மன்களைப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. மூட்டு வலி, தனியாக விட முடியாது. சிவசுப்பிரமணியம் என்று ஒருவர் வருஷா வருஷம் பெண்களை யாத்திரை கூட்டிப்போவார். அந்தக் கூட்டத்தோடு ஜெயசுதாவையும் துணைக்கு அனுப்பினான் பிரதீப்.

முதல் நாள் விசாலாட்சியைப் பார்த்தார்கள். அன்று முழுக்க வசவுதான். மெதுவாக நடந்தால் வசவு, வேகமாக நடந்தால் வசவு. மறுநாள் விடியுமுன்னே வாராஹி கோயில். அங்கே அம்மன் கீழே நிலவறையில் இருப்பாளாம். மேல் தளத்தில் கல்லில் ஓட்டை. குனிந்து அதன் வழியாகத்தான் பார்க்கவேண்டும். விடிந்து கொஞ்ச நேரத்தில் நடை சாத்திவிடுவார்கள்.

வரிசையில் சாமியாத்தாள் முன்னால், ஜெயசுதா பின்னால். சாமியாத்தாள் குனிந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது… கும்மிருட்டு. யாரோ இடித்தார்கள். வளையல்கள் உரசுகிற சத்தம். கரண்ட் வந்தபோது ஓட்டைக்குப் பக்கத்தில் சாமியாத்தாள் இல்லை.

ஜெயசுதா பதறிப்போய்ச் சந்து சந்தாகத் தேடினாள். கால் மணி நேரம் இருக்கும். பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் சாமியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி.

"இங்கதான் இருக்கறேன் கண்ணு. பயந்துட்டியா?"

ஜெயசுதாவுக்கு முதலில் உயிர் வந்தது. இரண்டு எட்டு வைத்தபிறகுதான் அந்தச் சொல் காதில் உறைத்தது. கண்ணு…

கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது. புடவையில் ஆற்றுக் களிமண் வாசனை. அன்றைக்கு இன்னும் கங்கையில் குளிக்கப் போகவே இல்லை.

அன்று மத்தியானம் அன்னபூரணி கோயிலில் அன்னதானம். சாமியாத்தாள் தன் இலையில் இருந்த இனிப்பை எடுத்து ஜெயசுதாவின் இலையில் வைத்தாள். ஜெயசுதா அதை இலை ஓரத்துக்கு ஒதுக்கினாள். எதற்கோ அடிபோடுகிறாள் என்று நினைத்தாள். பிரதீப்புக்கு வேறு பெண் பார்த்து வைத்திருப்பாள், அதைச் சொல்லத்தான் இந்தத் தேன் என்று. பேய் என்றெல்லாம் அப்போது நினைக்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் இரண்டு ராத்திரி. எப்போது கண் விழித்தாலும் எதிர் பெர்த்தில் சாமியாத்தாள் கண்ணைத் திறந்துகொண்டு இவளைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். சாமியாத்தாள் கோபிப்பதில்லை. உட்கார்ந்தால் எழுந்தால் முனகுவதில்லை. ஜெயசுதா வேலையிலிருந்து வருமுன்னே சமையல் முடிந்திருக்கும். ஒரு நாள் சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். வாயில் வைத்ததும் ஜெயசுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே அவள் அம்மா வைக்கிற குழம்பு. "உங்கம்மா இப்படித்தானே வெப்பாங்க, கண்ணு?" என்றாள் சாமியாத்தாள்.

ஜெயசுதாவின் அம்மா இறந்தது அவள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால். சாமியாத்தாள் அவளைப் பார்த்ததே இல்லை.

பிரதீப்பிடம் சொன்னாள். அவன் சிரித்தான். அக்கா திட்டினால் அழுகிறாய், கொஞ்சினால் சந்தேகப்படுகிறாய், காசிக்குப் போனால் மனசு மாறத்தான் செய்யும் என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

ஆனால் இவள் செக்கிங்காரி. சும்மா இருக்க முடியுமா? சாமியாத்தாளின் இடது காதில் பழைய தையல் ஒன்று உண்டு. சின்ன வயதில் கம்மல் மாட்டிக் காது கிழிந்து தைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிற சாக்கில் முடியை ஒதுக்கிப் பார்த்தாள். காது மொழுமொழுவென்று இருந்தது. தழும்பே இல்லை. வலது காதையும் பார்த்தாள். அதிலும் இல்லை.

சாமியாத்தாள் திரும்பாமலேயே கேட்டாள், "என்ன தேடற கண்ணு?"

அதற்குமேல் ஜெயசுதா எதையும் தேடவில்லை. பயம்தான். ஆனால் பயம் மட்டுமில்லை என்று பிற்பாடு அபிராமியின் அம்மாவிடம் அவளே சொல்லியிருக்கிறாள். ஒன்பது வருஷம் கழித்து அந்த வீட்டில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினாளாம்.

காசியிலிருந்து வந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருக்கும். விடிகாலை நாலே கால். பிரதீப் நைட் ஷிப்டில் இருந்தான். ஜெயசுதாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தாள்.

முதலில் ஒரே இரைச்சல். மணிச் சத்தம். இந்தியில் யாரோ வழிவிடச் சொல்லிக் கத்துவது… அப்புறம் ஒரு குரல்.

"ஏ புள்ள… எங்க போய்த் தொலஞ்ச? கரண்டு போனா உட்டுட்டுப் போயிருவியா? எவ்வளவு நேரமா இந்தப் படியிலயே நிக்கறேன். காலு வலிக்குது. வந்து கூட்டிட்டுப் போ."

அதே குரல். அதே எரிச்சல். அந்த 'ஏ புள்ள'யை வேறு யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. அவளுக்கு அங்கே இன்னும் அன்றைக்கு விடியவே இல்லை போலிருக்கிறது.

ஜெயசுதா போனைக் காதில் வைத்தபடியே திரும்பினாள். உள் அறையின் வாசலில் சாமியாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். விளக்குப் போடவில்லை. முகம் தெரியவில்லை. கிட்டே வரவும் இல்லை. ஜெயசுதா என்ன செய்யப்போகிறாள் என்று காத்துக்கொண்டு நின்றமாதிரி இருந்தது.

போனில் குரல் இப்போது இறங்கியிருந்தது. "புள்ள… கேக்குதா? இங்க எனக்கு யாரையும் தெரியாது…"

ஒன்பது வருஷத்தில் சாமியாத்தாள் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை.

ஜெயசுதா போனை வைத்துவிட்டாள்.

"யாரு கண்ணு?" என்று இருட்டிலிருந்து கேட்டது.

"ராங் நம்பருங்க அண்ணி."

காலையில் மனசு கேட்காமல் பிரதீப்பிடம் சொன்னாள். அவன் அந்த நம்பருக்குக் கூப்பிட்டான். எடுத்தது காசியில் ஒரு டீக்கடைக்காரன். கம்பெனியில் கூட வேலை செய்கிற ஒரு பீகார்ப் பையனை விட்டுப் பேசச்சொன்னான். கடையை ஆறு மணிக்குத்தான் திறப்பேன், போன் ராத்திரியெல்லாம் கடைக்குள்ளேதான் பூட்டிக் கிடந்தது, தமிழ்க்கிழவி யாரையும் பார்க்கவில்லை என்றான் அந்த ஆள். பிரதீப் அதோடு விட்டுவிட்டான்.

அபிராமியின் அம்மா, ஒரு நடை காசிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா, நானும் வருகிறேன் என்றாள். ஜெயசுதா போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

தினமும் விடிகாலை நாலே காலுக்குப் போன் அடிக்கிறதாம். நம்பர் மட்டும் வேறே வேறே. ஜெயசுதா எடுப்பதில்லை. அணைத்து வைக்கப் பார்த்தாளாம், சாமியாத்தாள் விடவில்லை. அணைக்க வேண்டாம் கண்ணு, அடிக்கட்டும் என்றாளாம். எழுந்து வந்து, போனைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். அது அடித்து ஓயும்வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஓய்ந்ததும் ஜெயசுதாவின் தலையைத் தடவிக்கொடுப்பாளாம்.

"இன்னிக்கும் படியிலதான் நிக்கறா கண்ணு. நீ தூங்கு."