அடிப்பக்கம் பூசாத கட்டை

கருவண்டைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை, ஐயா. முகத்துக்கு நேரே வந்து ரீங்காரமிட்டு மிரட்டுகிறதே, அது ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. மரத்தைத் துளைத்துக் குடும்பம் நடத்துவது பெண். மிரட்ட அதற்கு நேரமில்லை. என் தம்பி ஆண் வண்டு ரகம்.

அப்பா விட்டுப்போன வீடு. கீழே நான், மாடியில் அவன். காலையில் பால்கனிக் கைப்பிடிக் கட்டையில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, கீழே ஜன்னலோரம் இருக்கும் என்னிடம் கேட்பான்: "என்னண்ணே, இன்னைக்கும் முழிச்சிட்டியா?" நான் சிரிப்பேன். என் மனைவி இறந்த மறுநாளும் அங்கேதான் நின்றான். "ஒரு கட்டில் காலி. இன்னொண்ணு எப்பண்ணே?" அன்றும் சிரித்தேன். வயிறு எரிந்தாலும் பல் தெரிந்தால் சிரிப்புதானே.

நான் பெயிண்டர். "சும்மாதானே கிடக்கே, வீட்டுக்கு அடிச்சுக் கொடுண்ணே" என்றான். அடித்தேன். கதவு, ஜன்னல், உத்தரம், ஒரு மரத்தையும் விடவில்லை. அவன் சாயும் கட்டைக்கு மட்டும் மேலே மூன்று பூச்சு, பளபளவென்று. அடியில் இருந்த பழைய பெயிண்டையும் சுரண்டிவிட்டேன். கருவண்டுக்குப் பெயிண்ட் ஆகாது. பாவம், அவை வேறு எங்கே போகும்?

சுண்டுவிரல் பருமனில், டிரில் போட்டதுபோல ஓட்டைகள். உள்ளே போய்க் கட்டையின் நீளவாக்கில் திரும்பிவிடும். விட்டால் உலக்கையைப் புல்லாங்குழலாக்கும். என் ஜன்னல் திண்டில் உதிரும் தூளை யாரும் பார்க்குமுன் பெருக்கிவிடுவேன்.

தம்பி மனைவி ஒருநாள் பார்த்துவிட்டாள். அவனுக்குத் தெரியாமல் எனக்குச் சாப்பாடு கொண்டுவருபவள்.

"என்ன மாமா, எப்பப் பாத்தாலும் பெருக்கிட்டே இருக்கீங்க?"

"உக்காந்தா உன் புருஷன் பாடை கட்டிடுவான்மா."

விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் காலையில் அவன் வந்து சாயும் நேரம் தாண்டியும் ஆளைக் காணோம். அவள்தான் வந்தாள், துவைத்துப் பிழியாத கம்பளியைக் காயப்போட. ஓர் ஆள் கனம். கட்டைமேல் போட்டு, இழுத்துவிட உடம்பு முழுவதையும் சாய்த்தாள். கட்டை முனகியது.

"ஏம்மா" என்று ஒரு வார்த்தை போதும். நேரம் இருந்தது. வாயையும் திறந்தேன். ஆனால் சத்தம் போட்டால் அவன் கட்டையை மாற்றிவிடுவான். தாங்கினால் மறுநாள் அவன் சாய்வான். மூடிக்கொண்டேன்.

தாங்கவில்லை. என் ஜன்னலுக்கு முன்னால்தான் விழுந்தாள்.

சுரண்டியது நான், பெருக்கியது நான், வாய் மூடியதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொன்றவன் பெயர் கேட்டால் தம்பி பெயரைத்தான் சொல்வேன், ஐயா. தூங்குமூஞ்சி, அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு எழுந்து தொலைத்திருக்கக் கூடாதா?