பைபாஸில் நின்ற புள்ளி

இண்டூரிலிருந்து தருமபுரி போகும் டவுன் பஸ்ஸில், சோறு நிறைந்த தூக்குப்போசியை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா, போனைப் பார்த்தபடி, "எம்மவன் நின்னுட்டான்" என்றார்.

பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "மேப்புல ஒரு புள்ளிதானுங்க தெரியுது?"

"அதான் அவன் லாரி. பைபாஸ்ல நிக்குது. லாரி எங்க போவுதுன்னு தெரியறாப்புல ஓனரு போன்ல போட்டுக் குடுத்தாரு. எங்கப்பன் மாட்டு வண்டி சலங்கை கேட்டா சோத்துக்கு ஒலை வெப்போம். வூட்டுக்காரரு பஸ் ஓட்டனாரு, தெரு முக்குல ஆரன் அடிச்சா சோறு போடுவேன். இவனுக்கு இந்தப் புள்ளி."

"நீங்க சோறு கொண்டுட்டு வர்றத அவருகிட்டச் சொன்னீங்களா?"

"போன எடுக்கறதில்லைங்க. ரெண்டு மாசமாச்சு."

கொஞ்ச தூரம் போனதும், "கெளம்பிட்டான். சேலம் பக்கம் போறான்" என்றார்.

"பைபாஸ் எறங்கறவங்க வாங்க!" என்று கண்டக்டர் கத்தினார். அந்த அம்மா எழவில்லை. தூக்குப்போசியைத் திறந்து பக்கத்துப் பெண்ணிடம் நீட்டினார்.

"நீங்களாச்சும் ஒரு வாய் சாப்புடுங்க."